26-ந்தேதி ஓட்டு, யாருக்குப் போடறதுன்னு இன்னும் முடிவு பண்ணலீங்க (நம்ம சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம்)

தென்னந்தோப்பு_கொழிஞ்சாம்பாறை
20 ஏப்ரல் 2024, ராத்திரி 9.40

வணக்கமுங்க. வர்ற வெள்ளிக்கிழமை நமக்கு ஓட்டு, எனக்கு 46 வயசாகுது, மொத தடவையா யாருக்குன்னு தெரியாம நிக்கறேன், அதான் இங்க கேக்கறேன்.

எங்க ஊட்டு நெலமைய சொல்லிடறேன். எங்கம்மா ஆனமலைப் பக்கம் பொறந்து 1974-ல இங்க கேரளா பாலக்காட்டுப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவங்க. எம்ஜிஆர் கட்சி ஆரம்பிச்சு ரெண்டு வருசம் அப்ப. இன்னிக்கு வரைக்கும் ஒவ்வொரு எலக்சனுக்கும் பூத்துக்குள்ள போயிட்டு வெளிய வந்து கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், "எலை எங்கடா சாமி?" இங்க எலை நிக்காதும்மான்னு அம்பது வருசமா எங்கப்பாவும் அப்புறம் நானும் சொல்லிட்டே இருக்கோம்.

அம்மாவச் சொல்லி என்ன, நானும் அப்படித்தான் இருந்திருக்கேன்னு இப்பத்தான் தோணுது. ராத்திரி ஆனா தமிழ் சேனல் விவாதம், சென்னையில எந்த அமைச்சர் என்ன பேசுனாரு, கூட்டணி எப்ப உடைஞ்சுது, அண்ணாமலை கோயமுத்தூர்ல ஜெயிப்பாரா, எல்லாம் விரல் நுனில இருக்கு. நம்ம ஆலத்தூர் தொகுதில யாரு நிக்கறாங்க, அவங்க என்ன பேசறாங்கன்னு கேட்டா எனக்கு போஸ்டர்ல பாத்த மூஞ்சிதான் தெரியும். டிவியில பாக்கற தலைவருங்க யாரும் நம்ம மெஷின்ல இல்ல, மெஷின்ல இருக்கறவங்கள நாம டிவியில பாக்கறதில்ல.

இன்னொரு கொழப்பம். எங்கத்த பையன் பொள்ளாச்சில நேத்து ஓட்டுப் போட்டுட்டு மை வெச்ச வெரலப் போட்டோ புடிச்சு அனுப்பிருக்கான். அங்க சூரியன், கை, அருவா எல்லாம் ஒரே மேடை. 2019-ல கோயமுத்தூர்ல அருவா சுத்தியல்ல நின்னவருக்கு காங்கிரஸ்காரங்க வீடு வீடா ஓட்டுக் கேட்டாங்க. நடுப்புணி செக்போஸ்ட் தாண்டி இந்தப் பக்கம் வந்தா அதே கையும் அருவாளும் ஒருத்தர ஒருத்தர் கிழிக்கறாங்க. நம்ம சித்தூர் எம்எல்ஏ கட்சி ஜனதாதளம், அது டெல்லில போன செப்டம்பர்ல இருந்து பிஜேபி கூட, இங்க அவரு எல்டிஎப், அதாவது இடதுசாரி முன்னணி ஆட்சில மந்திரி, கேட்டா நாங்க கேரளா யூனிட் தனீன்னு சொல்றாங்க. நான் எதப் பாத்துப் போடறது?

எனக்கு வேண்டியது தண்ணி. இந்த வெயில்ல 37 தென்னை கொண்டை சாஞ்சு நிக்குது, போர் 900 அடி போயும் காத்துதான் வருது. நோட்டா போட்டுட்டு வந்துடலாமான்னு கூட நெனைக்கறேன். பெரியவங்க சொல்லுங்க.

---

பொள்ளாச்சி_மாப்ள
20 ஏப்ரல், ராத்திரி 10.15

மாமா அந்த மை வெச்ச வெரல் என்னோடதுதான். ரெண்டுமே இந்தியா கூட்டணி, எதுல அமுத்துனாலும் டெல்லில ஒரே பக்கம்தான் கை தூக்கப் போறாங்க. மோடி வேணும்னா தாமரை, வேண்டாம்னா மத்த ரெண்டுல ஒண்ணு, இதுக்கு எதுக்கு இவ்வளவு வெசனம்?

---

எருத்தேம்பதி_பாளை
20 ஏப்ரல், ராத்திரி 10.52

மாப்ள, தூரத்துல இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும். நான் கள்ளு எறக்கற குடும்பம், 24 வருசமா யூனியன்ல இருக்கேன், என் ஓட்டு அருவாளுக்குத்தான், மறைக்க என்ன இருக்கு. ஆனா ஏன்னு சொல்றேன். இந்த எலக்சன் எங்க சிபிஎம் கட்சிக்கு உயிர்ப் பிரச்சினை. தேசியக் கட்சின்னு அங்கீகாரம் இருக்கணும்னா நாடு பூரா கணக்கு காட்டணும், சிபிஐக்கு 2023 ஏப்ரல்ல அந்த அந்தஸ்து போயிடுச்சு. எங்க சின்னமும் போனா அப்புறம் கமிசன் குடுக்கற ஏதாவது சின்னத்துலதான் நிக்கணும்னு எங்க தலைவர் ஏ.கே. பாலன் போன மாசம் பேசுனாரு. அப்புறம் கட்சிங்களுக்குப் பேரு தெரியாம பணம் குடுத்த தேர்தல் பத்திரம், பிப்ரவரி 15-ல சுப்ரீம் கோர்ட்டு செல்லாதுன்னு சொல்லுச்சே, அந்தப் பத்திரத்துல ஒரு பைசா வாங்காத கட்சி எது? மத்த பெரிய கட்சிங்க பலதும் வாங்கிருக்கு, உங்க சூரியனும் சேத்துத்தான்.

எங்களுக்கு ராதாகிருஷ்ணேட்டன் நிக்கறாரு. சபாநாயகரா இருந்தவரு, இப்ப மந்திரி, அவரு எம்எல்ஏவா இருக்கற சேலக்கரைல போயி அவரப் பத்திக் கேட்டுப் பாருங்க, எதிர்க்கட்சிக்காரனும் மரியாதையாத்தான் பேசுவான்.

---

வேலந்தாவளம்_ரோடு
21 ஏப்ரல், காலைல 6.30

அண்ணே, நல்ல மனுசன்னு நானும் ஒத்துக்கறேன். அதுக்காக இருக்கற மந்திரிய எம்பி ஆக்கி டெல்லிக்கு அனுப்பி, சேலக்கரைல ஒரு இடைத்தேர்தல் வெச்சு, யாருக்கு லாபம்? 20 சீட்டுல எத்தன ஜெயிச்சாலும் ஆட்சி அமைக்கப் போறதில்ல.

நான் தாமரைன்னு எல்லாருக்கும் தெரியும். பிஎம் கிசான் வருசத்துக்கு 6000, மூணு தவணையா அம்மா அக்கவுண்ட்டுல விழுது, நடுவுல ஒருத்தன் கைய வெக்க முடியாது. கொப்பரைக்கு வெல நிர்ணயம் பண்றது யாரு, டெல்லி. ரயில்வே யாரு, டெல்லி. டெல்லில ஆட்சில இருக்கறவங்க கிட்ட நம்ம ஆள் ஒருத்தர் உள்ள இருந்தா வேலை நடக்கும். சரசு டீச்சர் பாலக்காடு விக்டோரியா காலேஜ்ல பிரின்சிபாலா இருந்து ரிட்டயர் ஆனவங்க, படிச்சவங்க. ஜெயிக்கற சீட்டு இல்லன்னு சொல்லாதீங்க, எல்லாரும் அப்படி நெனச்சா எப்பவுமே ஜெயிக்காது.

---

எருத்தேம்பதி_பாளை
21 ஏப்ரல், காலைல 7.05

கொப்பரைக்கு இந்த வருசம் குவிண்டால் 11,160 ரூபான்னு டெல்லி சொல்லுச்சு, சரி. அந்த வெலைக்கு எடுக்க ஆளு வந்தாங்களா உங்க தோப்புக்கு? வெல அறிவிக்கறது ஒண்ணு, எடுக்கறது ஒண்ணு.

---

வேலந்தாவளம்_ரோடு
21 ஏப்ரல், காலைல 7.20

எடுக்கற வேலை இங்க மாநிலத்து ஏஜென்சி மூலமா நடக்குது, அத அங்க போயி கேளுங்க. நெல்லுலயும் அதே கதைதான். டெல்லி குடுக்கறது கிலோவுக்கு 21.83, மாநிலம் கூட்டி 28.20 ஆக்கறாங்க, சந்தோசம். பணம் எப்ப வந்துச்சு? நான் போன சீசன்ல நெல்லப் போட்டுட்டு மூணு மாசம் பேங்குக்கு நடந்தேன், அதுவும் என் பேருல கடனாத்தான் குடுத்தாங்க, அவங்க கட்டலேன்னா கடன்காரன் நானு.

---

புதுநகரம்_ராவுத்தர்
21 ஏப்ரல், மதியம் 2.10

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாரும் நல்லாருக்கீங்களா. நெல்லும் தேங்காயும் பேசுறீங்க, பேச வேண்டியதுதான். எங்க வீட்டுல பேச்சு வேற மாதிரி. மார்ச் 11-ந்தேதி குடியுரிமைச் சட்டத்துக்கு, அதான் சிஏஏவுக்கு, ரூல்ஸ் வந்துச்சு, அன்னைக்கு நோன்பு தொடங்குற நேரம், எங்க உம்மா கேட்டது "அத்தாவோட பொறப்பு சர்ட்டிபிகேட் எங்க இருக்கு"ன்னு. எங்க அத்தா புதுநகரத்துல பொறந்தவரு, அவரு அத்தாவும் இங்கதான், ராவுத்தர்மார் இந்த மண்ணுல எத்தன தலமொறையா வீட்டுல தமிழ் பேசி வாழுறோம்னு உங்களுக்கே தெரியும். அந்த வயசுல அவங்க காகிதம் தேடுறதப் பாத்தேன். எங்க வீட்டு 7 ஓட்டுக்கும் அதுக்கு மேல ஒரு காரணம் வேணாம்.

அதனால தாமரை இல்ல. மிச்சம் ரெண்டுல எதுன்னுதான் வீட்டுக்குள்ள சண்டை. பார்லிமெண்டுல ஆள் எண்ணிக்கை வேணும், பெரிய கட்சிக்குப் போட்டாத்தான் ஜனாதிபதி கூப்புடுவாருன்னு என் தம்பி கைன்னு சொல்றான். எதிர்த்து ரோட்டுல நிக்கறது யாருன்னு பாக்கணும்னு என் மக அருவான்னு சொல்றா. தென்னந்தோப்பு அண்ணே, நோட்டா மட்டும் வேணாம். 2013-ல இருந்து இருக்கு, நோட்டாவுக்கு எத்தன விழுந்தாலும் அடுத்து அதிகம் வாங்குனவரு எம்பிதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேற, நாங்க காலைல 7 மணிக்கே வரிசைல நின்னுடலாம்னு இருக்கோம்.

---

நகரி_தறி
21 ஏப்ரல், சாயந்தரம் 5.00

தலைப்புல சித்தூர்னு பாத்து எங்க சித்தூர்னு நெனச்சு உள்ள வந்துட்டேன், நாங்க ஆந்திரா பக்கம், நகரி. உங்க ஆலத்தூரும் தனித் தொகுதி, எங்க சித்தூரும் தனித் தொகுதி, ஒத்துமை இருக்கு. எங்களுக்கு மே 13, ஒரே நாள்ல எம்எல்ஏவுக்கும் எம்பிக்கும் சேத்து ரெண்டு ஓட்டு. எங்க ஊர்ல ஓட்டுக் கேக்க வரும்போது எல்லாரும் தமிழ்ல பேசுவாங்க, ஆபீசுக்குப் போனா தெலுங்குதான். நான் தறி ஓட்டுறவன், நூல் வெல ஏறுறப்போ எவன் வாய தொறந்தான்னு மட்டும் பாத்துப் போடுவேன். ரெண்டு ஓட்டு இருக்குறதால ஒண்ண ஒரு கட்சிக்கும் இன்னொண்ண இன்னொரு கட்சிக்கும் போட்டவங்களும் உண்டு. உங்களுக்கு ஒரே ஓட்டுதான், கஷ்டம்தான்.

---

வடகரப்பதி_டீச்சர்
21 ஏப்ரல், ராத்திரி 8.45

தென்னந்தோப்பு தம்பி, உங்க கேள்வியப் படிச்சிட்டு மத்தியானமே எழுத ஒக்காந்தேன், கரண்டு போயிடுச்சு. 31 வருசம் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்துல வேலை பாத்தவ நான், அதனால கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கங்க.

நீங்க கேக்கறது ரெண்டு கேள்வி, ஒண்ணாக் கலந்துடுச்சு. யாரு பிரதமர் ஆகணும்ங்கறது ஒண்ணு. 543 சீட்டு, 272 வேணும், அதுல நம்ம ஆலத்தூர் ஒண்ணு. பொள்ளாச்சி தம்பி சொன்னது அந்தக் கேள்விக்கு மட்டும் சரி. நம்ம சார்பா அங்க போயி எந்திரிச்சு நின்னு பேசப் போறது யாருங்கறது இன்னொண்ணு. மொதல் கேள்விக்கு ரெண்டு பேரும் ஒரே விடைன்னா ரெண்டாவது கேள்விக்குத்தான் நீங்க ஓட்டுப் போடறீங்க. அதுக்கு அந்த ஆளப் பத்தித் தெரிஞ்சுக்கணும். தமிழ் டிவி அதச் சொல்லாது, மலையாள டிவிக்கு நாம எல்லைல இருக்கற ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

எம்பியால என்ன முடியும்னு மொதல்ல தெரிஞ்சு வெச்சுக்கங்க, இல்லைன்னா ரோடு போடறேன் தெருவிளக்கு போடறேன்னு எவரு சொன்னாலும் தலையாட்டுவோம். தொகுதி நிதி வருசத்துக்கு 5 கோடி, ஏழு சட்டசபைத் தொகுதிக்கும் அதான், பிரிச்சா என்ன வரும்னு கணக்குப் போடுங்க. ஆனா கேள்வி கேக்கலாம், ரயில்வே மந்திரியப் போயிப் பாக்கலாம். பாலக்காடு பொள்ளாச்சி லைன அகலப்பாதை ஆக்கி 2015-ல தெறந்தாங்க. மீட்டர் கேஜ் காலத்துல புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம்னு நின்னு நின்னு போன வண்டிங்க அத்தனையும் திரும்பி வந்துச்சா? எங்க பள்ளிக்கூடத்துப் பசங்க பழனிக்கும் மதுரைக்கும் அந்த வண்டிலதான் டூர் போவாங்க. இது நூத்துக்கு நூறு எம்பி வேலை, யாராவது நோட்டீஸ்ல போட்டிருக்காங்களான்னு பாருங்க.

அப்புறம் நம்ம மொழி. இதச் சொல்லாம என்னால முடியாது. 2017-ல மலையாளம் எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் கட்டாயம்னு சட்டம் வந்துச்சு. மலையாளம் படிக்கட்டும், படிக்கணும், நானே புள்ளைங்க கிட்ட சொல்லிருக்கேன் இங்க வாழணும்னா அது சோறுன்னு. ஆனா தமிழ் வாத்தியார் ரிட்டயர் ஆனா அந்த எடம் வருசக் கணக்கா காலியா கெடக்குதே, அதுக்கு யாரு கேக்கறது? அரசியல் சாசனத்துல 350-ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, சிறுபான்மை மொழிப் புள்ளைங்களுக்கு தொடக்கக் கல்வி தாய்மொழில கெடைக்க மாநிலம் வசதி பண்ணணும்னு சொல்லுது. 350-பி இருக்கு, மொழிச் சிறுபான்மையினருக்குன்னு டெல்லில தனி அதிகாரி, அவரு குடுக்கற அறிக்கை பார்லிமெண்டுல வெக்கணும். அந்த அறிக்கைய எடுத்து வெச்சு கொழிஞ்சாம்பாறைல இத்தன வாத்தியார் எடம் காலின்னு ஒரு கேள்வி கேக்க எம்பிக்கு முழு உரிமை இருக்கு. எனக்குத் தெரிஞ்சு யாரும் கேட்டதில்ல, ஏன்னா நாம அவங்க கிட்டக் கேட்டதில்ல.

அதனால ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வர்றவங்கள ஒக்கார வெச்சு மோர் குடுத்து கேளுங்க. தமிழ்லயே கேளுங்க. வேட்பாளர் வரலேன்னாலும் ஆளுங்க வருவாங்க. மூணு கட்சிக்காரங்க கிட்டயும் ஒரே கேள்வி கேளுங்க. வேட்பாளர் சொத்து, கேஸ் எல்லாம் பிரமாணப் பத்திரத்துல இருக்கு, கமிசனோட கேஒய்சி ஆப்புல யாரு வேணும்னாலும் பாக்கலாம், அத உங்க போன்ல எறக்கி வெச்சுக்கங்க.

---

பொள்ளாச்சி_மாப்ள
21 ஏப்ரல், ராத்திரி 9.30

டீச்சரம்மா சொல்றது சரிங்க. ஆனா மாமா, இவ்வளவு யோசிக்கற நீங்க உங்க பேர எங்க ஊர் லிஸ்ட்லயும் சேத்திருந்தா நேத்து முந்தாநாளே ஒண்ணு போட்டிருக்கலாம். எங்க தெருவுலயே நாலஞ்சு பேர் ரெண்டு பக்கமும் வெச்சிருக்காங்க. ஏழு நாள் இடைவெளி இருக்கு.

---

வடகரப்பதி_டீச்சர்
21 ஏப்ரல், ராத்திரி 9.41

தம்பி, அந்தப் பேச்சு வேண்டாம். ரெண்டு தொகுதி லிஸ்ட்ல பேரு இருக்கக் கூடாதுன்னு 1950 சட்டம். இல்லேன்னு பொய்யா எழுதிக் குடுத்தா ஒரு வருசம் வரைக்கும் ஜெயிலு இல்ல அபராதம், ரெண்டும் கூட உண்டு. ரெண்டு பக்கமும் போட்டா ரெண்டு ஓட்டும் செல்லாது. சட்டத்த விடுங்க, எல்லைத் தமிழன்னாலே கள்ள ஓட்டுன்னு ஒரு பேரு ஏற்கனவே இருக்கு, நம்ம புள்ளைங்க ரேஷன் கார்டுக்குப் போனாக்கூட நீ எந்த ஊர்க்காரன்னு கேக்கறாங்க. அதுக்கு நாமளே தீனி போடறதா?

---

பொள்ளாச்சி_மாப்ள
21 ஏப்ரல், ராத்திரி 9.58

தப்புதானுங்க டீச்சர். அந்தக் கோணத்துல நான் யோசிக்கல.

---

மலைமக_மூணாறு
22 ஏப்ரல், விடியக்காலம் 5.15

கொழுந்து எடுக்கப் போறதுக்கு முன்னாடி எழுதறேன் அதனால பிழை இருந்தா மன்னிச்சுக்கங்க. நாங்க இடுக்கி தொகுதி. அங்க இந்தத் தடவையும் அதே ரெண்டு பேர்தான், மூணாவது தடவை மோதறாங்க, 2014-ல ஜாய்ஸ் ஜார்ஜ் ஜெயிச்சாரு 2019-ல டீன் குரியாகோஸ் ஜெயிச்சாரு. தேவிகுளத்துல 2016 சட்டசபைக்கு எலை நின்னுச்சு, டீக்கடை எல்லாம் பச்சையா இருந்துச்சு, எங்க பாட்டிக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா, உங்க அம்மா மாதிரிதான். பாட்டி அதுக்குத்தான் போட்டாங்க, ஜெயிக்கல, ஓட்டு எண்ணுன மறுநாள்ல இருந்து அந்த ஆளுங்கள எஸ்டேட்டுல யாரும் பாக்கல.

நான் கட்சி பாத்துப் போடறத 2015-லயே விட்டுட்டேன். அந்த செப்டம்பர்ல 20 பர்சண்ட் போனஸ் வேணும்னு நாங்க பொம்பளைங்க மட்டும் மூணாறு டவுன்ல ரோட்டுல ஒக்காந்தோம், 9 நாள். எங்களுக்கு மூணு யூனியன் இருந்துச்சு, மூணு கலர் கொடி, மாசா மாசம் சந்தா பிடிச்சாங்க, ஆனா அன்னைக்கு எந்தக் கொடியும் எங்களுக்கு நடுவுல வரக்கூடாதுன்னு நாங்களே சொல்லிட்டோம், தலைவருங்க வந்தாங்க திருப்பி அனுப்புனோம். எங்கம்மா பக்கத்துல நான் ஒக்காந்திருந்தேன், அம்மா கையில கொழுந்துக் கறை, பிளாஸ்டிக் பைல அவிச்ச கப்பக்கிழங்கு, மழை, யாரும் எந்திரிக்கல. போனஸ் வாங்குனோம். அதுக்கப்புறம் திரும்பவும் போராடி 232 ரூபா கூலி 301 ஆச்சு, நாங்க கேட்டது 500. அந்த நவம்பர்லயே பஞ்சாயத்து எலக்சன்ல எங்க பொண்ணுங்க நின்னாங்க, ஜெயிக்கவும் செஞ்சாங்க.

அப்புறம் 2020 ஆகஸ்ட் 6, பெட்டிமுடி. எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கற லயத்து மேல மலை எறங்குச்சு, 70 பேர். எங்க சித்தி பொண்ணு கூடப் படிச்ச புள்ள ஒண்ணு. தலைவருங்க எல்லாரும் வந்தாங்க, எல்லாக் கட்சியும் வந்துச்சு, நான் இல்லேன்னு சொல்லல. எத்தன தலமொறையா வேலை செய்யறோம் ரிட்டயர் ஆனா லயத்த விட்டு எறங்கணும், சொந்தமா ஒரு செண்டு எடம் கெடையாது, இத எந்த எம்பி எத்தன தடவை பேசுனாருன்னு தம்பி போன்ல தேடிப் படிச்சுக் காட்டச் சொன்னேன், லோக்சபா வெப்சைட்ல ஒவ்வொரு எம்பியும் என்ன கேள்வி கேட்டாருன்னு இருக்கு, இங்கிலீஷ்ல இருக்கு ஆனா தேடலாம். நான் அதப் பாத்துத்தான் முடிவு பண்ணிருக்கேன். அண்ணே நீங்களும் தண்ணின்னு தேடிப் பாருங்க. சங்கு ஊதிட்டாங்க, போறேன்.

---

புதுநகரம்_ராவுத்தர்
22 ஏப்ரல், காலைல 9.00

தங்கச்சி, படிச்சிட்டு கண்ணு கலங்கிருச்சு. லோக்சபா சைட்ட என் மக கிட்ட காட்டிட்டேன், இப்ப அவ தம்பி கூட அத வெச்சுத்தான் சண்டை போடுறா.

---

வேலந்தாவளம்_ரோடு
22 ஏப்ரல், ராத்திரி 9.10

இப்ப எம்பியா இருக்கறது காங்கிரஸ் ரம்யா ஹரிதாஸ், 2019-ல 1,58,968 ஓட்டு வித்தியாசம், பாட்டுப் பாடி ஓட்டுக் கேட்டு ஜெயிச்சாங்கன்னு நாடே பேசுச்சு. நம்ம பஞ்சாயத்துக்கு அஞ்சு வருசத்துல எத்தன தடவை வந்தாங்க, அதயும் கணக்குல எடுங்க. இது யாரு மேலயும் கோவத்துல சொல்லல, இருக்கறவங்கள அளக்க அதான் அளவுகோலு.

---

தென்னந்தோப்பு_கொழிஞ்சாம்பாறை
24 ஏப்ரல், ராத்திரி 10.30

மூணு நாளா எல்லாரோடதும் படிச்சேன், அம்மாவுக்கும் படிச்சுக் காட்டுனேன். மூணாறு தங்கச்சி எழுதுனதுக்கு அம்மா ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க.

இன்னிக்கு சாயந்தரம் ஆறு மணிக்கு பிரசாரம் முடிஞ்சுது. கொழிஞ்சாம்பாறை ஜங்சன்ல கொட்டிக்கலாசம், மூணு கட்சியும் செண்டை மேளம், கிரேன்ல கொடி, அந்தப் பக்கம் பொள்ளாச்சி பஸ்ஸு நகர முடியாம நிக்குது. நான் தோப்புல இருந்து வந்து ஓரமா நின்னு பாத்தேன். அந்தச் சத்தத்துல தண்ணின்னு ஒருத்தர் வாயில இருந்தும் வரல.

டீச்சர் சொன்ன மாதிரி செஞ்சேனுங்க. 22, 23 ரெண்டு நாள்ல மூணு கட்சி ஆளுங்களும் எங்க வாசலுக்கு வந்தாங்க, அம்மா மோர் குடுத்தாங்க. எந்தக் கட்சி எதச் சொல்லுச்சுன்னு இங்க எழுதல, வந்தவங்க எல்லாம் நம்ம ஊர்ப் பசங்க, நாளைக்கும் மூஞ்சி பாக்கணும். கேட்ட கேள்வி ஒண்ணுதான். தமிழ்நாடும் கேரளாவும் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29-ல கையெழுத்தாச்சு, 1958 நவம்பர் 9-ல இருந்து கணக்கு, மணக்கடவுல வருசத்துக்கு 7.25 டிஎம்சி நமக்கு வரணும், 30 வருசம் ஆனா திருத்தணும்னு அதுலயே இருக்கு, 1988-லயே தவணை வந்துடுச்சு, இன்னும் முடியல, உங்க எம்பி இதுக்கு என்ன செய்வாரு?

ஒரு கூட்டம், "அண்ணா அது மாநில கவர்மெண்ட் விசயம், இது பார்லிமெண்ட் எலக்சன், நாம நாட்டப் பத்திப் பேசுவோம்"னு சொல்லிட்டு நோட்டீஸ் குடுத்துட்டுப் போயிட்டாங்க. இன்னொரு கூட்டத்துல தலைவர் மாதிரி இருந்தவரு, "ஜெயிச்ச ஒரே மாசத்துல தண்ணி வரும், உங்க தோப்புக்கு டேங்கர் லாரி நாளைக்கே அனுப்பட்டுமா"ன்னாரு. அம்மா உள்ள இருந்தே "லாரித் தண்ணிய எத்தன மரத்துக்கு ஊத்துவ சாமி"ன்னு கேட்டாங்க, அவரு பதில் சொல்லல.

மூணாவதா வந்ததுல ஒரு பொண்ணு, இருவத்தஞ்சு வயசு இருக்கும், பெருமாட்டி பக்கம்னு சொல்லுச்சு. பிளாச்சிமடைல குளிர்பானக் கம்பெனிக்கு எதிரா மயிலம்மா கூட அதோட பாட்டியும் போயி ஒக்காந்தவங்களாம். கம்பெனி மூடுனது 2004-ல, அப்ப இந்தப் பொண்ணு அஞ்சு வயசு. அது சொல்லுச்சு, "எம்பியால ஒப்பந்தத்தத் திருத்த முடியாது சித்தப்பா. ரெண்டு மாநிலமும் ஒக்காரணும். ஒக்கார வெக்க மத்திய அரசு கிட்டக் கேக்கலாம், கூட்டணில இருக்கற தமிழ்நாட்டு எம்பிங்க கிட்ட நேராப் பேசலாம், மூலத்தறை வலதுகரை வாய்க்கால வேலந்தாவளம் வரைக்கும் நீட்டற வேலைக்கு டெல்லில பணம் கேக்கலாம். அவ்வளவுதான் முடியும். முடியும்னு பொய் சொல்ல எனக்கு வராது."

எனக்கு அந்த பதில் மனசுல நின்னுடுச்சு. முடியாதத முடியாதுன்னு சொன்ன ஒரே ஆளு அதான்.

மாப்ள, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். 2022-ல ஆழியாத்துல இருந்து ஒட்டன்சத்திரத்துக்கு குழாய் போடறாங்கன்னு உங்க பொள்ளாச்சி விவசாயிங்களும் எதுத்தாங்க, இங்க நாங்களும் எதுத்தோம். அன்னிக்கு ரெண்டு பக்கமும் ஒரே பேச்சு. நீயும் நானும் ஒரே தண்ணிக்குத்தான் நிக்கறோம், ஒரே பாட்டி பேரங்க. உங்க எம்பியும் எங்க எம்பியும் ஒரே கூட்டணின்னு நீ மொத நாள் எழுதுனியே, அது நெசமா இருந்தா அவங்க ரெண்டு பேரையும் ஒரே மேசைல ஒக்கார வெக்க முடியணும். உங்க பக்கம் நீ கேளு, எங்க பக்கம் நான் கேக்கறேன்.

---

பொள்ளாச்சி_மாப்ள
24 ஏப்ரல், ராத்திரி 10.47

கேக்கறேன் மாமா. எங்க தோட்டத்துலயும் மரம் காயுது, உங்ககிட்ட சொல்லல. யாரு ஜெயிச்சாலும் நான் போயிக் கேக்கறேன், அப்பாவையும் கூட்டிட்டுப் போறேன்.

---

எருத்தேம்பதி_பாளை
25 ஏப்ரல், காலைல 6.10

அண்ணே, அந்தப் பொண்ணு எங்க பக்கமா இல்ல அந்தப் பக்கமான்னு கேக்க மாட்டேன். எங்க ஆளுங்க யாராவது லாரி அனுப்பறேன்னு சொல்லிருந்தா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இன்னிக்கு கூட்டத்துல இதப் பேசறேன்.

---

வேலந்தாவளம்_ரோடு
25 ஏப்ரல், காலைல 6.40

நானும் எங்க மண்டலத்துல பேசறேன். தண்ணி விசயம்னா நாங்க மூணு பேரும் ஒரே மனுவுல கையெழுத்துப் போடத் தயார், எழுதிக் குடுங்க டீச்சர்.

---

தென்னந்தோப்பு_கொழிஞ்சாம்பாறை
26 ஏப்ரல், ராத்திரி 9.20

போட்டாச்சுங்க. அம்மாவ காலைலயே கூட்டிட்டுப் போகலாம்னு பாத்தா முட்டி வலி, சாயந்தரம் மூணு மணிக்குத்தான் கெளம்ப முடிஞ்சுது. வெயிலு தலையப் பொளந்துச்சு, வரிசை மெல்லத்தான் நகருது, ஸ்கூல் வராந்தாவுல பெஞ்சு போட்டு வயசானவங்கள ஒக்கார வெச்சாங்க. ராவுத்தர் அண்ணே, நீங்க காலைல 7 மணிக்கே போனது நல்லது. நாங்க போட்டு முடிக்கறப்ப அஞ்சரை, எங்களுக்குப் பின்னாடி இன்னும் நூறு பேர் இருந்தாங்க.

உள்ள போறதுக்கு முன்னாடி அம்மா என் கையப் புடிச்சு மெதுவா கேட்டாங்க, "அந்தப் பொண்ணு என்ன படம்டா சொல்லுச்சு?" சொன்னேன். உங்களுக்குப் புடிச்சதுல போடுங்கம்மா, எனக்காகப் போட வேண்டாம்னும் சொன்னேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, போட்டோவும் சின்னமும் பாத்துத்தான். மறைப்பு அட்டைக்குப் பின்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க, ஆபீசரு எட்டிப் பாத்தாரு. அப்புறம் வெளிய வந்து சொல்றாங்க, அந்தக் கண்ணாடிப் பொட்டில சீட்டு ஏழு செகண்டு நிக்கும்னு டீச்சரு எழுதலியே, நாந்தான் ராவுத்தர் மக சொல்லிக் கேட்டு வெச்சிருந்தேன், அது கீழ உழுகற வரைக்கும் பாத்துட்டு வந்தேன்னு.

எலை எங்கடான்னு இந்தத் தடவை கேக்கல. வண்டில வர்றப்ப மட்டும் கேட்டாங்க, "ஜெயிச்சா அந்தப் பொண்ணு எம்பியக் கூட்டிட்டு மூலத்தறைக்கு வருமாடா?" தெரியலம்மா, போயிக் கேப்போம்னேன்.

டீச்சர் திருத்திக் குடுத்த மனு கெடச்சுதுங்க, ரெண்டு பக்கம் இருக்கு. ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் ரயிலும் தமிழ் வாத்தியார் எடமும். பாளை அண்ணன், வேலந்தாவளம் தம்பி, ராவுத்தர் அண்ணன் கையெழுத்து வாங்க ஞாயித்துக்கிழமை வர்றேன். மேல "மாண்புமிகு"ன்னு போட்டு பேரு எழுதற எடத்த மட்டும் காலியா விட்டிருக்கேன், ஜூன் 4 சாயந்தரம் எழுதிக்கறேன்.